முள் ஆடும் வேகம்

ட்ரெமொலோ அடியோடு நின்றுபோன ஆம்ப்ளிஃபயரைச் சரிசெய்வது சுலபம். ஒரு கம்பி விட்டுப்போயிருக்கும், ஒரு ரெசிஸ்டர் கருகியிருக்கும், ஒரு வால்வு செத்திருக்கும், தேடினால் அகப்பட்டுவிடும். ட்ரெமொலோ இருக்கிறது, ஆனால் சோர்ந்து கிடக்கிறது என்றால்தான் வேலை கடினம். ஆழத்துக்கான குமிழைக் கடைசிவரை திருப்பினாலும் ஒலி லேசாக அசைந்து கொடுக்குமே தவிர எழுந்து அமிழாது. மற்றபடி ஒரு குறையும் இருக்காது. கிதாரின் சுரம் சுத்தமாக வரும், ரிவெர்ப் வரும், வால்வுகள் எல்லாம் ஆரஞ்சு நிறத்தில் கனிந்திருக்கும். பெரும்பாலோர் அந்த ஒரு குமிழைப் பூஜ்யத்தில் வைத்துவிட்டு வாசித்துக்கொண்டே இருப்பார்கள். வருடங்கள் ஓடிவிடும். எனக்கு இது வருத்தமான விஷயம். பழைய வால்வு ஆம்பில் முதுமை முதலில் தெரியவரும் இடம் பெரும்பாலும் ட்ரெமொலோதான். அந்தக் குமிழை மூடிவைத்தவர், ஆம்ப் சொல்லவந்ததைக் கேட்காமலே இருந்துவிடுகிறார்.

ட்ரெமொலோவில் சுரத்தின் உரப்பு சீராகக் கூடிக் குறைகிறது. வினாடிக்கு ஏறக்குறைய மூன்றிலிருந்து பத்துத் தடவை. சுருதி அசைவதில்லை. (பல ஆம்ப்களின் முகப்பில் வைப்ரேட்டோ என்று அச்சிட்டிருக்கும், உள்ளே நடப்பது ட்ரெமொலோதான்.) கர்நாடக சங்கீதம் கேட்டு வளர்ந்த காதுக்கு இது சட்டென்று பிடிபடாது. நமக்கு அசைவு என்றால் சுருதியின் அசைவு. தோடியின் காந்தாரம் அசையாமல் நின்றால் அங்கே தோடி இல்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் சார்ங்கதேவர் சங்கீத ரத்னாகரத்தில் பதினைந்து கமகங்களைச் சொல்லும்போது அவற்றில் பலவற்றை அசைவின் வேகத்தை வைத்தே பிரிக்கிறார். ட்ரெமொலோவுக்கும் இரண்டே குமிழ்கள்: ஒன்று வேகம், மற்றது ஆழம்.

மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸின் நினைவு இங்கே வராமல் இருக்காது. மேற்கத்திய மாண்டலினில் ஒரு சுரத்தை நீட்ட வேண்டுமானால் தந்தியை மேலும் கீழும் விடாமல் மீட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வாசிப்புக்கும் ட்ரெமொலோ என்றே பெயர். ஸ்ரீநிவாஸ் மின்சார மாண்டலினை எடுத்துக்கொண்டார். இரட்டைத் தந்திகள் இருந்த இடத்தில் ஒற்றைத் தந்திகள் ஐந்து வைத்துக்கொண்டார். சுரத்தைத் தாங்கிப் பிடிக்கும் வேலையை ஆம்ப்ளிஃபயர் ஏற்றுக்கொண்டது. விரல் கமகத்துக்குப் போயிற்று. ஆம்ப்ளிஃபயரும் வாத்தியத்தின் ஒரு பகுதிதான் என்று எனக்கு உறைக்கவைத்தது அவருடைய வாசிப்பு.

பழைய ஆம்ப்ளிஃபயருக்கு உயிர் வால்வு; அதன் கதை தொடங்கிய இடத்துக்கு அருகில்தான் நான் இருக்கிறேன்: நியூ ஜெர்சியில், எடிசன் நகருக்குப் பக்கத்தில். நம்மவர்களுக்கு எடிசன் என்றால் ஓக் ட்ரீ சாலை: மளிகை, நகை, புடவை, தோசை. ராரிட்டன் டவுன்ஷிப் என்ற பழைய பெயர் 1954இல் எடிசன் என்று மாறியதற்குக் காரணம், ஊர் எல்லைக்குள் இருந்த மென்லோ பார்க் ஆய்வுக்கூடம். 1880இல் அங்கே பல்புகளின் உட்புறக் கண்ணாடி கறுத்துப்போவதைக் கவனித்தார்கள். அந்தக் கறுப்பு எங்கிருந்து வருகிறது என்று பல்புக்குள் இன்னொரு தகட்டை வைத்துப் பார்த்தபோது, இழைக்கும் தகட்டுக்கும் நடுவே வெற்றிடத்தின் வழியாக மின்சாரம் பாய்வது தெரிந்தது, அதுவும் ஒரு திசையில் மட்டும். 1883இல் எடிசன் அதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். மின்னழுத்தத்தைக் காட்டும் கருவியாக அது பயன்படும் என்பதற்கு மேல் அவர் போகவில்லை. வால்வின் கதை அந்தக் கறையிலிருந்து தொடங்குகிறது.

கதையின் மற்ற அத்தியாயங்களும் இந்த மாநிலத்தில்தான் நிறைய நடந்தன. கிதார் ஆம்ப்களில் இன்றும் அதிகம் புழங்கும் சிறிய வால்வு 12ஏஎக்ஸ்7. அதைக் கேம்டனில் ஆர்சிஏ பொறியாளர்கள் உருவாக்கினார்கள். 1947 செப்டம்பர் 15இல் விற்பனைக்கு வந்தது. நம் நாடு விடுதலை பெற்றுச் சரியாக ஒரு மாதம். அதே ஆண்டு டிசம்பரில் மரே ஹில்லில் பெல் ஆய்வுக்கூடத்தார் முதல் டிரான்சிஸ்டரை இயக்கிக் காட்டினார்கள். அதே 1947இல்தான் ரெட் பேங்க் ஊரில் நேதன் டேனியல் டேன்எலக்ட்ரோ கம்பெனியைத் தொடங்கினார். பிற்பாடு நெப்டியூனுக்கு மாறிய அந்தக் கம்பெனியின் ஆம்ப்கள் சியர்ஸ் கடைகளில் சில்வர்டோன் என்ற பெயரில் விற்றன. எவரெட் ஹல் என்ற பேஸ் வாசிப்பவர் நடத்திய ஆம்பெக் ஆம்ப் கம்பெனி 1962இல் லிண்டனுக்கு வந்தது. அறுபதுகளில் இந்த ஆம்ப்களை வாங்கி வாசித்த பையன்களுக்கு இன்று எண்பது வயது. வீடுகளைக் காலிசெய்யும்போது நிலவறைகளிலிருந்து இந்தப் பெட்டிகள் மேலே வருகின்றன. நியூ ஜெர்சியின் நிலவறை ஈரம் பொல்லாதது. கார்பன் ரெசிஸ்டர்கள் ஈரத்தை உறிஞ்சி, வருடக்கணக்கில் மதிப்பு ஏறிப்போய்க் கிடக்கும்.

பெட்டிக்குள் ட்ரெமொலோவை உண்டாக்குவது ஒரே ஒரு அரை வால்வும் (12ஏஎக்ஸ்7 ஒரே கண்ணாடிக்குள் இருக்கும் இரட்டை வால்வு; அதில் பாதி) மூன்று சிறிய கண்டென்சர்களும் சில ரெசிஸ்டர்களும்தான். வால்விலிருந்து வெளியே வரும் சமிக்ஞையில் ஒரு பகுதியைத் திரும்ப அதன் வாயிலுக்கே கொண்டுபோகிறார்கள். ஊஞ்சலில் இருக்கும் குழந்தையை, அது பின்னால் வந்து திரும்பும் தருணத்தில் தள்ளினால் ஆட்டம் நிற்காது. பின்னால் வந்துகொண்டிருக்கும்போதே தள்ளினால் நின்றுவிடும். இங்கேயும் தருணம் முக்கியம். வால்வு சமிக்ஞையை 180 பாகை திருப்பிவிடுகிறது. மூன்று கண்டென்சர்களும் சேர்ந்து இன்னொரு 180 திருப்பிச் சரியான தருணத்துக்குக் கொண்டுவருகின்றன. இந்தச் சுற்றுப்பாதையில் சமிக்ஞை 29இல் ஒரு பங்காக இளைத்துப்போகிறது. ஆகவே வால்வு அதைக் குறைந்தது 29 மடங்கு பெருக்கிக் கொடுத்தாக வேண்டும். 29க்குக் கீழே போனால் ஆட்டம் இல்லை. சற்றே மேலே இருந்தால் சோகையான ஆட்டம்.

வெளிவந்ததை உள்ளே திருப்பிவிடும் இந்த யோசனைக்காக இருபதாம் நூற்றாண்டின் நீண்ட வழக்குகளில் ஒன்று நடந்தது. 1912இல் கொலம்பியா பல்கலைக்கழக மாணவராக இருந்த எட்வின் ஆம்ஸ்ட்ராங் இதைக் கண்டுபிடித்து, ஏன் நடக்கிறது என்பதையும் அளந்து விளக்கினார். அதே ஆண்டு கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் ஃபெடரல் டெலிகிராஃப் கம்பெனியில் லீ டி ஃபாரஸ்ட், தான் முன்பே உருவாக்கியிருந்த ஆடியான் வால்வை ஆம்ப்ளிஃபயராக மாற்றினார். வெளிவந்தது உள்ளே திரும்பும்போது வால்வு ஊளையிடுவதை அவரும் உடனிருந்தவர்களும் கவனித்திருந்தார்கள். பே ஏரியாவில் இருப்பவர்கள் எமர்சன் தெருவும் சானிங் அவென்யூவும் சந்திக்கும் முனையில் அந்த இடத்தின் நினைவுப் பலகையைப் பார்க்கலாம். 1934இல் உச்ச நீதிமன்றம் டி ஃபாரஸ்ட் பக்கம் தீர்ப்பளித்தது. ரேடியோ பொறியாளர் சங்கம் இதே கண்டுபிடிப்புக்காகத் தனக்கு அளித்திருந்த பதக்கத்தைத் திருப்பிக் கொடுக்க ஆம்ஸ்ட்ராங் கூட்டத்துக்கு வந்தார். சங்கம் வாங்க மறுத்தது. கூடியிருந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். பின்னாளில் அவர் எஃப்எம் ஒலிபரப்புக்காகக் கட்டிய கோபுரம் நியூ ஜெர்சியின் ஆல்பைனில், ஹட்சன் நதிக்கு மேலே இன்னும் நிற்கிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் வண்டியை நிறுத்திப் பார்க்கிறேன். நீதிமன்றம் சொன்னதைவிட அன்று எழுந்து நின்ற பொறியாளர்கள் சொன்னதுதான் சரி என்பது என் எண்ணம்.

இனி, ட்ரெமொலோவில் முதுமை ஏன் முதலில் தெரிகிறது என்ற கேள்வி. கிதாரின் ஆகக் கீழான தந்தி வினாடிக்கு 82 முறை அதிர்கிறது. நம் காது ஏறக்குறைய 20க்குக் கீழே சுரமாகக் கேட்பதில்லை. ட்ரெமொலோவின் அலைவோ 5, 6. ஆம்புக்குள் ஓடும் எல்லாவற்றிலும் அதுதான் மிக மெதுவானது. வால்வின் கேத்தோடுக்கும் எர்த்துக்கும் இடையே 25 மைக்ரோஃபாரட் கண்டென்சர் ஒன்று இருக்கும். பெருக்கம் குறையாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. அறுபது வருடத்தில் அதற்குள் இருக்கும் திரவம் வற்றி, 25 என்பது 5 ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 82க்கு மேலே போகும் கிதாருக்கு அந்த 5 போதும்; யாருக்கும் வித்தியாசம் தெரியாது. வினாடிக்கு ஐந்து முறை ஆடும் ட்ரெமொலோவுக்குப் போதாது. அதன் வால்வின் பெருக்கம் வெகுவாகக் குறைந்து, 29 என்ற வாசலுக்கு மிக அருகே வந்து நிற்கும். பாட்டு நன்றாக இருக்கிறது, அசைவு மட்டும் சோர்ந்துவிட்டது என்று நாம் சொல்வதன் பின்னால் இருப்பது பலசமயம் இந்த வற்றல்தான்.

மெதுவாக ஆடுவதால் ஒரு பெரிய நன்மை உண்டு. அதைக் கண்ணால் பார்க்கலாம். கிதாரின் சமிக்ஞையை அப்படிப் பார்க்க ஆஸிலோஸ்கோப் வேண்டும். ட்ரெமொலோவுக்குப் பழைய முள் மீட்டர் போதும். டிஜிட்டல் மீட்டரில் எண்கள் தாறுமாறாகத் தாவும். முள்ளோ அலைவோடு சேர்ந்து ஆடும். இந்தியாவில் எங்கள் ஊர்க் கடைத்தெருவில் வால்வு ரேடியோ பார்த்த மெக்கானிக்குகள் கையில் இருந்ததும் அந்த முள் மீட்டர்தான். பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1961இலிருந்து செய்த வால்வுகள் அந்த ரேடியோக்களுக்குள் எரிந்தன. முள் ஏறும் விதத்தை வைத்தே கண்டென்சர் நல்லதா கெட்டதா என்று அவர்கள் சொல்லிவிடுவார்கள். எவ்வளவு ஏறியது என்பதை மட்டும் பார்க்காமல், எப்படி ஏறியது என்பதையும் பார்த்தார்கள். நான் முள் மீட்டரை விடாததற்கு அந்தப் பழக்கம்தான் காரணம்.

வேலைக்கு முன் ஒரு சொல். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கண்டென்சர்கள் 400 வோல்ட்டுக்கு மேல் தேக்கிவைத்திருக்கும். அதை ரெசிஸ்டர் வழியாக வடித்து, வடிந்துவிட்டதா என்று அளந்து பார்க்காமல் உள்ளே கைவைக்கவே கூடாது. ஓடிக்கொண்டிருக்கும் ஆம்பை அளக்கும்போது ஒரு கை சட்டைப்பையில் இருக்கட்டும். இதில் சமரசமே இல்லை.

முதலில் கால் சுவிட்சைப் பார்க்க வேண்டும். ஃபெண்டர் கம்பெனியின் பெரிய ஆம்ப்கள் பலவற்றில் நெகட்டிவ் வோல்ட்டேஜ் ஒன்று ட்ரெமொலோவைப் பிடித்துவைத்திருக்கும். கால் சுவிட்ச் அதை எர்த்தோடு சேர்த்தால்தான் ஆட்டம் தொடங்கும். துருப்பிடித்த சுவிட்சும் தளர்ந்த ஜாக்கும் பாதி எர்த் கொடுத்தால் பாதி ஆட்டம்தான். பிறகு வால்வை மாற்றிப் பார்ப்பது. அதற்கு ஈயம் பற்றவைக்க வேண்டியதில்லை, நல்ல 12ஏஎக்ஸ்7 ஒன்று கையில் இருந்தால் போதும். இந்த இரண்டுக்கும் மசியவில்லையென்றால் மீட்டரை எடுக்க வேண்டும். வேகத்தை ஆகக் குறைத்துவைத்து, அலைவு பிறக்கும் வால்வின் பிளேட்டில் மீட்டர் முனையை வைத்தால் முள் அகலமாக வீச வேண்டும். அங்கிருந்து அலைவு போகும் வழியிலேயே ஒவ்வோர் இடமாகப் போக வேண்டும். வீச்சு எங்கே திடீரென்று சுருங்குகிறதோ, குற்றம் அதற்குச் சற்று முன்னால் இருக்கிறது. பிறக்கும் இடத்திலேயே வீச்சு சிறுத்திருந்தால் கேத்தோடு கண்டென்சரையும், மதிப்பு ஏறிய ரெசிஸ்டர்களையும், டிசி கசிகிற அந்த மூன்று சிறு கண்டென்சர்களையும் சந்தேகிக்க வேண்டும்.

பிறக்கும் இடத்தில் நன்றாக ஆடி, காதில் மட்டும் சோர்ந்திருந்தால் அடுத்த கேள்வி: அந்த அலைவு ஒலியை எப்படி அசைக்கிறது? ஃபெண்டர் ஆம்ப்களிலேயே இரண்டு வகை உண்டு. அறுபதுகளின் நடுவில் வந்த பெரிய மாடல்களில் அலைவு ஒரு சிறு நியான் விளக்கை மினுக்குகிறது. அதற்கு எதிரே இருக்கும் ஒளியுணர் ரெசிஸ்டர் அந்த வெளிச்சத்துக்கு ஏற்ப ஒலியை எர்த்துக்கு வழியவிடுகிறது. இரண்டும் சேர்ந்து ஒரு கறுப்பு உறைக்குள் இருக்கும். நியானுக்கு வயதானால் அதன் கண்ணாடியும் உட்புறம் கறுக்கும், வெளிச்சம் மங்கும். மென்லோ பார்க்கில் பல்பைக் கறுக்கவைத்தது கார்பன், இங்கே உலோகத் துகள். காரணம் வேறு, ஆனால் கண்ணாடியில் கறை படிந்ததைப் பார்த்துக் கேள்வி கேட்பது அதே வேலைதான். உறை வெடித்திருந்தால் இன்னொரு சிக்கல்: மேசை விளக்கின் வெளிச்சம் உள்ளே புகுந்து ரெசிஸ்டரை ஏமாற்றும். திறந்த பெட்டியைப் பளிச்சென்ற விளக்கின் கீழ் வைத்து ட்ரெமொலோ சோர்வாக இருக்கிறது என்று முடிவுகட்டுவதற்கு முன், விளக்கை அணைத்துவிட்டு ஒருமுறை கேட்க வேண்டும்.

பிரின்ஸ்டன் மாதிரியான சிறிய ஆம்ப்களில் விளக்கு இல்லை. அலைவு நேராகப் பவர் வால்வுகளின் பயாஸை, அதாவது அவற்றை அடக்கிவைக்கும் நெகட்டிவ் வோல்ட்டேஜை, ஆட்டுகிறது. மைனஸ் முப்பது சொச்சம் வோல்ட் மேலும் கீழும் அசைய, ஒலி எழுந்து தாழ்கிறது. என் மனசுக்கு நெருக்கமானது இந்த வகை. இதன் ஆட்டத்தில் ஓரம் வெட்டினாற்போல் இராது. இதில் குற்றம் ட்ரெமொலோவுக்கு வெளியிலும் இருக்கலாம். பவர் வால்வுகள் சூடாக, அதாவது அதிகக் கரண்ட் இழுக்கும்படி பயாஸ் வைத்திருந்தால், அவற்றை அடக்கிவைக்க அந்த அலைவால் முடியாது. ஆம்ப் உயிரோட்டமாக ஒலிக்கும், ட்ரெமொலோ மட்டும் சோர்ந்திருக்கும். பயாஸைச் சில வோல்ட் குளிர்த்தினால் ஆழம் திரும்பும். சென்ற குளிர்காலத்தில் என் மேசைக்கு வந்த ஒரு ஆம்பில் கேத்தோடு கண்டென்சரும் வற்றியிருந்தது, முன்பு யாரோ பயாஸையும் சூடாக வைத்திருந்தார்கள். ஒன்றை மட்டும் சரிசெய்தபோது முள் அகலமாக வீசியது, காதுக்கு அரைத்திருப்திதான். இரண்டாவதையும் தொட்ட பிறகுதான் சுரம் முழுதாக எழுந்து அமிழ்ந்தது.

இதை ஃப்ரீமாண்டில் இருக்கும் நண்பனிடம் சொன்னபோது அவன் ஒத்துக்கொள்ளவில்லை. “மாப்ள, கண்டென்சர் என்ன விலை விக்குது? எல்லாத்தையும் கழட்டிக் கடாசிட்டு புதுசு வெச்சிட்டா ஒரு சனிக்கிழமைல முடிஞ்சுது. நீ என்னமோ ஒண்ணொண்ணுக்கா நாடி பிடிச்சுக்கிட்டு இருக்கே?” அவன் சொல்வதில் பாதி நியாயம். மின்சப்ளையில் இருக்கும் பழைய எலெக்ட்ரோலிடிக் கண்டென்சர்களை மாற்றித்தான் ஆக வேண்டும். அவை வெடித்தால் டிரான்ஸ்ஃபார்மரையும் கூட்டிக்கொண்டு போகும். ஆனால் நல்லதையும் கெட்டதையும் ஒருசேரப் பிடுங்கிவிட்டால், கெட்டது எது என்பது என்றைக்கும் தெரியாது. குற்றம் பயாஸிலோ நியானிலோ இருந்தால் அத்தனையும் மாற்றிய பிறகும் ட்ரெமொலோ சோர்ந்தே கிடக்கும், கூடவே புதிதாகப் பற்றவைத்த இடங்களில் புதிய சந்தேகங்களும் சேர்ந்திருக்கும். அறுபது வருடம் உழைத்து இன்னும் அளவு தப்பாமல் நிற்கும் ஒரு சிறிய கண்டென்சரைக் குப்பையில் போட எனக்குக் கை வருவதில்லை. அது உணர்ச்சி என்றால் உணர்ச்சிதான். அளவு தப்பாமல் இருக்கிறது என்பது மட்டும் அளந்து பார்த்த உண்மை.

எவ்வளவு ஆழம் இருந்தால் போதும் என்பதையும் பேச வேண்டும். பே ஏரியாவின் எல் செரிட்டோவிலிருந்து வந்த ராக் பாடகர் ஜான் ஃபோகர்ட்டி 1969இல் வெளியான ‘பார்ன் ஆன் த பையூ’ பாட்டில் கேட்கவைத்த ட்ரெமொலோ, கஸ்டம் என்ற கம்பெனியின், வால்வே இல்லாத டிரான்சிஸ்டர் ஆம்பிலிருந்து வந்தது. வால்வைத் தெய்வமாக்கத் தேவையில்லை என்பதற்கு எனக்கு அது ஒன்றே போதும். த ஸ்மித்ஸ் குழுவின் ‘ஹவ் சூன் இஸ் நௌ’ பாட்டுக்கு அதன் கிதார் கலைஞர் ஜானி மார் வாசித்ததை நான்கு ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப்கள் வழியாக ஓட்டினார்கள். அவரும் தயாரிப்பாளர் ஜான் போர்ட்டரும் ஆளுக்கு இரண்டு ஆம்ப்களின் வேகக் குமிழ்களைக் கையால் திருகித் தாளத்தோடு சேர்த்து வைத்தார்கள்; நான்கும் ஒன்றுபட்டு ஆடுவது சில வினாடிகள்தான் நிலைக்கும் என்பதால் துண்டு துண்டாகப் பதிவுசெய்ய வேண்டியிருந்தது. ஒவ்வொன்றும் தன் போக்கில் நகர்ந்துவிடுகிற பொருட்களை வைத்துச் செய்த வேலை அது. இன்றைய டிஜிட்டல் பெடல் ஒலியை அடியோடு வெட்டி வெட்டித் தரும்; அதைக் கேட்டுப் பழகிய காது, நலமாக இருக்கும் பழைய ஆம்பையும் சோர்ந்தது என்றே சொல்லும். அதனால் காதை நம்புவதற்கு முன் வரைபடத்தைப் பார்க்க வேண்டும். ஃபெண்டர் வரைபடங்களில் ஒவ்வோர் இடத்திலும் இருக்க வேண்டிய வோல்ட்டேஜ் அச்சிட்டிருக்கும். கூடவே இருபது சதவீதம் முன்பின் இருக்கலாம் என்ற குறிப்பும் இருக்கும். அந்த வரம்புக்குள் எல்லாம் இருந்து, முள்ளும் சீராக ஆடினால், அந்த ஆம்பின் ட்ரெமொலோ அவ்வளவுதான். அதை விட்டுவிட வேண்டும்.

அறுபதுகளின் ஃபெண்டர் பெட்டிகளுக்குள், கம்பிகளைப் பற்றவைத்த பெண்களின் பெயர்கள் சிறு நாடாத் துண்டுகளில் எழுதி ஒட்டியிருக்கும்: லூப்பே, லிலி. வால்வுகளின் அட்டவணை ஒட்டிய காகிதத்தில் ஆண்டையும் மாதத்தையும் குறிக்கும் இரண்டு எழுத்துகள் முத்திரையாக இருக்கும். வேலை முடிந்ததும் நானும் பெட்டியின் உட்சுவரில் ஒரு தாளை ஒட்டிவிடுகிறேன்: தேதி, அலைவு வால்வின் பிளேட்டில் முள் எந்த எண்ணிலிருந்து எந்த எண்வரை ஆடியது, பயாஸ் எத்தனை மைனஸ், எந்தக் கண்டென்சரை மாற்றினேன், எதையெல்லாம் அளந்து பார்த்து அப்படியே விட்டேன். கழற்றிய பழைய கண்டென்சரை ஒரு உறையில் போட்டு அதன் அருகிலேயே ஒட்டிவைக்கிறேன். அடுத்துத் திறப்பவர் அதையும் ஒருமுறை மீட்டரில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.